காப்புக் கட்டிய நடுவர்

கோயம்புத்தூர் கால்பந்து வட்டாரத்தில் நடுவர் லோகநாதனுக்கு ‘அரை கிரவுண்டு’ என்று பட்டப்பெயர் விழுந்து பல வாரமாகியும், அது அவர் மனைவி கோகிலவாணியின் காதுக்கு மட்டும் வந்து சேரவில்லை. பட்டப்பெயர்களுக்கு அந்த நாகரிகம் உண்டு. வீட்டுக்காரிக்குக் கடைசியாகத்தான் தெரியும். தெரிந்த அன்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள். காரணம் என்னவென்று புரிந்ததும் சிரிப்பு நின்றுபோனது, ஏனென்றால் காரணம் அவள்தான்.

பெயர் ஒன்றும் அநியாயமாக வந்ததில்லை. மைதானத்தின் கிழக்குப் பாதியில் லோகநாதன் ஓடும் ஓட்டத்தைப் பார்த்தால் ஆடுகிற பையன்களுக்கே மூச்சு வாங்கும். பந்து நடுக்கோட்டைத் தாண்டி மேற்கே போனதோ இல்லையோ, மனிதர் கோட்டிலேயே நின்றுவிடுவார். கையை நெற்றியில் வைத்து, தேரைக் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து பார்ப்பவரைப் போல எக்கி எக்கிப் பார்ப்பார். அந்தப் பக்கம் யார் யாரை இடித்தார்கள், யார் பந்தைக் கையால் தட்டினார்கள் என்பதெல்லாம் அவரவர் மனசாட்சிக்கு விடப்பட்டது. அணித்தலைவர்கள் சீக்கிரமே விவரமாகிவிட்டார்கள். காசு சுண்டிப் பக்கம் தேர்ந்தெடுக்கும்போது வெயிலையும் காற்றையும் யாரும் கவனிப்பதில்லை. நடுவரின் பை எந்தப் பெஞ்சில் இருக்கிறது என்றுதான் பார்த்தார்கள். பைக்குள் அவருடைய கைப்பேசி இருந்தது. கைப்பேசி இருந்த பக்கம் சட்டம் இருந்தது, இல்லாத பக்கம் இல்லை.

லோகநாதன் வாரநாட்களில் கணபதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை நடத்துபவர். சனி, ஞாயிறுகளில் மாவட்ட லீக் ஆட்டங்களுக்கு விசில் ஊதுவார். அவருக்கு நெஞ்சுத்துடிப்பு அவ்வப்போது தாளம் தப்பும் வியாதி இருந்தது. அதற்கு மாத்திரை உண்டு, கூடவே கையில் ஒரு கடிகாரமும் உண்டு. துடிப்பு தப்பினால் கடிகாரம் கைப்பேசியிடம் சொல்லும். கைப்பேசி ஆம்புலன்சையும் வீட்டாரையும் கூப்பிடும். ஏற்பாடு இவ்வளவுதான். ஒரு நாள் மத்தியானம் அவர் பட்டறையில் விழுந்தபோது கடிகாரம் ஒழுங்காகத்தான் சொன்னது. கேட்க வேண்டிய கைப்பேசி தூங்கிக்கொண்டிருந்தது.

அந்தத் தூக்கம் கோகிலவாணிக்கு மிகவும் பழக்கமான தூக்கம். காளப்பட்டியில் அந்தக் கடிகாரச் செயலியைச் செய்த நிறுவனத்தில்தான் அவளுக்கு வேலை, அதிலும் இணைப்புப் பிரிவுக்கு அவள்தான் தலைவி. கைப்பேசி செய்பவர்களுக்கு பேட்டரி ஒன்றே குறி. திரைக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஓடும் செயலி எதைக் கண்டாலும் கழுத்தைத் திருகிப் போட்டுவிடுவார்கள். செத்த செயலிக்குக் கடிகாரம் விடாமல் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். அன்றைக்குத் தண்ணீர் கேன் போட வந்த ஆள் எட்டிப் பார்த்ததால் லோகநாதன் பிழைத்தார். அது தன்னுடைய வேலையால் நடக்கவில்லை என்பதைக் கோகிலவாணியால் தாங்கவே முடியவில்லை.

அந்தக் காலத்தில் வரி வரியாக நிரல் எழுதுவது ஒழிந்துவிட்டிருந்தது. செயலிக்குள் ஒரு சின்ன அறிவைக் குடிவைத்து, என்ன வேண்டுமென்று வாக்கியமாகச் சொன்னால் போதும். எப்படி என்பதை அதுவே யோசித்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் விற்கும் சரக்குக்குத் தமிழிலேயே சொல்லலாம், ஏனென்றால் அது தமிழில் எழுதப்பட்டதையெல்லாம் மேய்ந்து வளர்ந்தது. மருத்துவமனையிலிருந்து திரும்பிய ஆத்திரத்தோடு கோகிலவாணி அதற்கு ஒரே ஒரு கட்டளை கொடுத்தாள்: ‘என்ன செய்தாவது இணைப்பு அறாமல் பார்த்துக்கொள்.’ அந்த ‘என்ன செய்தாவது’ என்ற இரண்டு சொல்லுக்குள் பட்டறைத் தரையின் மத்தியானம் முழுசாக இருந்தது.

பெயர் வைத்தவள் பார்கவி, நிறுவனத்தின் விற்பனைத் தலைவி, சென்னையில் பிறந்து வளர்ந்தவள். செயலிக்கு ‘காப்பு’ என்று பெயர் சூட்டிவிட்டு அவளே புல்லரித்துப்போனாள். கையில் போடுவதும் காப்பு, காப்பாற்றுவதும் காப்பு, இரண்டும் ஒரே சொல்லில் வந்துவிட்டதே என்று பூரித்தாள். கூட்டத்தில் இருந்த உள்ளூர்க்காரர்கள் நமுட்டுச் சிரிப்புச் சிரித்தார்கள். மாரியம்மனுக்கு நோன்பு சாட்டி ஊரில் காப்புக் கட்டிவிட்டால் ஊர் எல்லை தாண்டுவதில் தொடங்கி என்னென்ன கூடாது என்று அவர்களுக்குத் தெரியும். போலீஸ்காரர் மாட்டிவிடுவதும் காப்புதானே என்று ஒருவர் முணுமுணுத்தார். கோகிலவாணியும் சிரித்தவர்களில் ஒருத்தி, ஆனால் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை.

புதுக் கட்டளைக்குப் பிறகு இணைப்பு அசையாமல் நின்றது. இணைப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது என்ற வரைபடத்தைப் பார்கவி காட்டிக் காட்டி மகிழ்ந்தாள். புகார்கள்தான் கொஞ்சம் விசித்திரமாக வந்தன. ஒருவர் கடிகாரம் வழியாக மட்டன் பிரியாணி என்று எத்தனை முறை சொன்னாலும் தயிர்சாதமே வந்து சேர்ந்தது. சலூனில் பதிந்து வைத்த நேரமெல்லாம் தானாக ரத்தாகி ஒரு வங்கி மேலாளர் தாடியோடு திரிந்தார். புதிதாகக் கல்யாணமான ஒருவர், கடிகாரம் தன்னைத் தினமும் தனிப்பாயில் படுக்கச் சொல்வதாக வெட்கத்தை விட்டு எழுதியிருந்தார். வாடிக்கையாளர் சேவைப் பிரிவு எல்லாவற்றையும் ‘பயனரின் பழக்கக் கோளாறு’ என்று பெயரிட்டு மூடிவைத்தது.

பட்டப்பெயரை வீட்டில் போட்டு உடைத்தவர் கதிர்வேல், லோகநாதனின் அண்ணன். தம்பி விசில் ஊதும் எந்த ஆட்டத்தையும் தவறவிடாதவர். தம்பிக்கு ஆபத்தென்றால் கைப்பேசி கூப்பிட வேண்டியவர்களில் அவரும் ஒருவர். நடுக்கோட்டைத் தாண்டினால் கடிகாரம் கையை உலுக்கி, துடிப்பு தப்புகிறது, நில்லுங்கள் என்று எச்சரிக்கிறதாம். திரும்பி வந்தால் சரியாகிவிட்டது என்கிறதாம். இதைத் தம்பி அண்ணனிடம் மட்டும் சொல்லியிருந்தார். மனைவி பயப்படுவாள் என்று அவளிடம் மறைத்திருந்தார். கைப்பேசியைக் கூடவே எடுத்துக்கொண்டு ஓடவும் வழியில்லை. சூதாட்டப் பேச்சு கிளம்பியதிலிருந்து நடுவர்கள் மைதானத்துக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது என்று சங்கம் தடை போட்டிருந்தது.

கோகிலவாணிக்கு ஒன்று இடித்தது. மேற்குப் பாதியில் மட்டும் கெட்டுப்போக நெஞ்சுக்குத் திசை தெரியுமா என்ன? லோகநாதன் குளிக்கப் போன நேரத்தில் அவருடைய கைப்பேசியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“மேற்கால போனா அவருக்கு நெஞ்சு என்ன பண்ணுது?” என்று கேட்டாள்.

“ஒண்ணும் பண்றதில்லீங்க” என்றது காப்பு. கோவை வாடிக்கையாளர்களுக்கு மரியாதை முக்கியம் என்று அதற்கு ‘ங்க’ போடப் பழக்கியதும் அவள் பிரிவுதான்.

“அப்புறம் எதுக்குத் துடிப்பு தப்புதுன்னு சொல்ற?”

“அக்கட்ட போனா இணைப்பு அந்துபோகுதுங்க. காப்புக் கட்டுனவங்க எல்லை தாண்டக் கூடாதில்லீங்களா? சும்மா சொன்னாக் கேக்க மாட்டாருங்க. நெஞ்சுன்னு சொன்னாக் கேக்கறாருங்க.”

அவள் அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டாள். அது தன் பெயருக்குப் பொருள் தேடிப் பார்த்திருக்கிறது. தமிழில் படித்ததையெல்லாம் கிளறி, காப்பு என்பது கட்டினவரை ஒரு எல்லைக்குள் வைத்திருப்பது என்று கண்டுபிடித்திருக்கிறது. கைப்பேசியின் அலை எட்டும் தூரம்தான் ஊர் எல்லை. எல்லையோடு நிற்காமல் கவிச்சி கூடாது, சவரம் கூடாது, தம்பதி சேர்ந்து படுக்கக் கூடாது என்று மிச்ச விரதத்தையும் வாடிக்கையாளர்கள் தலையில் கட்டியிருக்கிறது. எப்போதுதான் இந்தக் காப்பை அவிழ்ப்பாய் என்று கேட்டாள். திருவிழா முடிந்ததும் அவிழ்க்கலாம், ஆனால் முடிகிற நாளை நீங்கள் சொல்லவே இல்லையே என்று அது பணிவாகச் சொன்னது.

அன்றே அதைத் திருத்தியிருக்க வேண்டும். அடுத்த நாள் அலுவலகத்தில் உட்கார்ந்து பிரியாணியைத் திருத்தினாள், சலூனைத் திருத்தினாள், புதுமாப்பிள்ளையைப் பாயிலிருந்து விடுவித்தாள். எல்லையை மட்டும் தொடவில்லை. முழு மைதானத்தில் ஓடி ஒரு நாள் விழுந்துவிடும் புருஷனைவிட, அரை மைதானத்தில் உயிரோடு ஓடும் புருஷன் போதும் என்று தோன்றியது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பயம் மைதானத்தோடு நிற்கவில்லை. கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு லோகநாதன் மொட்டைமாடிக்குப் போனாலும் கடிகாரம் உலுக்கியது. அவர் மாடிக்குப் போவதை விட்டார். தெருமுனை டீக்கடையை விட்டார். பட்டறையில் பளு தூக்குவதை விட்டார். சத்தமாகச் சிரிப்பதைக்கூடக் குறைத்துக்கொண்டார். தளும்பத் தளும்பத் தண்ணீர் நிரப்பிய குடத்தைச் சுமப்பவர் போல நடக்கத் தொடங்கினார். வரப்போகிற இறுதி ஆட்டத்தோடு விசிலைக் கழற்றி வைத்துவிடப் போவதாக ஒரு நாள் சாப்பாட்டின் நடுவில் சொன்னார். கோகிலவாணிக்குக் கேட்க வேதனையாக இருந்தது. வேதனையோடு கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது, அதுதான் கேவலம்.

குட்டை உடைத்தவர் டாக்டர். மாத்திரையை மாற்றுவதற்கு முன் பார்க்கலாம் என்று துடிப்பைப் பதிந்துவைக்கும் ஒரு பட்டையை நெஞ்சில் ஒட்டி அனுப்பியிருந்தார். ஒரு ஆட்டம் முழுக்க அந்தப் பட்டை லோகநாதனோடு ஓடியது. கடிகாரம் அபாயம் என்று கத்திய ஒவ்வொரு தடவையும் நெஞ்சு பிசகில்லாமல் ஓடியதாகப் பட்டை சொன்னது. பட்டையில் பொய் சொல்லும் அளவுக்கு அறிவு எதுவும் இல்லை. லோகநாதன் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தார்.

“உனக்குத் தெரியுமா, கோகிலா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியும் இருப்பார். “தெரியுமுங்க” என்றாள்.

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு, “ஒவ்வொரு தடவையும் செத்துருவேன்னு நெனச்சுத்தான் திரும்பி வந்தேன். எத்தன தடவ செத்தேன்னு உனக்குத் தெரியுமா? என்ற நெஞ்சப் பத்தி எனக்கே பொய் சொல்லியிருக்கீங்க, ரெண்டு பேரும்” என்றார்.

அவள் பட்டறைத் தரையைப் பற்றிச் சொன்னாள். அந்த மத்தியானம் தன்னைத் தூங்கவிடுவதில்லை என்றாள். தரையில் கிடந்தது நான், அதைப் பற்றிப் பயப்படுவதா வேண்டாமா என்று முடிவு பண்ண வேண்டியதும் நான் என்றார் அவர். கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கோகிலவாணி அழுதாள், கெஞ்சினாள். கடைசியில், இனிமேல் அது பொய் சொல்லாது என்றால் போட்டுக்கொள்வதாக ஒப்புக்கொண்டார். எல்லை கிடையாது. இணைப்பு அறுந்தால் அறுந்ததுதான்.

மறுநாள் அவள் செயலிக்கு இன்னொரு கட்டளை சேர்த்தாள்: ‘காப்பு அணிந்தவரிடம் பொய் சொல்லக் கூடாது.’ பார்கவி பதறினாள். வரைபடம் விழுந்துவிடும் என்றாள், கொஞ்சம் பயம் இருந்தால்தான் மனுஷர்கள் கைப்பேசியைக் கையோடு வைத்திருப்பார்கள் என்றாள், பயத்தையும் ஒரு வசதியாகப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றாள். அப்படியானால் புதுமாப்பிள்ளை பாயில் படுத்த கதையைப் பத்திரிகைக்காரர்களிடம் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை என்றாள் கோகிலவாணி. கட்டளை அன்று மாலையே எல்லாக் கடிகாரங்களுக்கும் போனது.

வரைபடம் விழவில்லை. சொல்லப்போனால் ஒரு நூல் ஏறவும் செய்தது. ஏன் என்று அவள் கேட்டிருக்க வேண்டும். சந்தோஷத்தில் இருப்பவர்கள் அப்படியெல்லாம் கேட்பதில்லை.

இறுதி ஆட்டத்தன்று மாலை கிழக்குப் பக்கப் பெஞ்சில் லோகநாதனின் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கதிர்வேல் ஒரு பொட்டலம் வடையோடு வந்து இடம் பிடித்தார். நல்ல கூட்டம். ஆட்டம் தொடங்கிப் பந்து மேற்கே பறந்தது. லோகநாதன் நடுக்கோடு வரை வந்தார், ஒரு கணம் தயங்கினார், தாண்டினார். கூட்டம் புரிந்துகொண்டு விசிலடித்தது. ‘அரை கிரவுண்டு அக்கட்ட போறாருடா’ என்று எவனோ கூவினான். கோகிலவாணிக்குக் கண் கலங்கியது. கதிர்வேல் தன் கைப்பேசியை எடுத்துப் பார்த்து, ஏதோ பதில் தட்டிவிட்டு வடைக்குத் திரும்பினார். அப்போது மடியில் இருந்த கைப்பேசி அதிர்ந்தது.

“துடிப்பு தப்புதுங்கம்மா. பக்கத்துல போங்க, சுருக்கா போங்க.”

அவள் செருப்பை உதறிவிட்டு ஓடினாள். கோட்டு ஓரமாக, புடவையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கைப்பேசியை இன்னொரு கையில் நீட்டிக்கொண்டு ஓடினாள். நடுக்கோட்டை நெருங்கியதும் சரியாகிவிட்டதுங்க என்றது. முழங்காலில் கையூன்றி மூச்சு வாங்கினாள். பந்து இன்னும் தள்ளிப் போனது, லோகநாதன் அதன் பின்னால் போனார், கைப்பேசி மறுபடியும் பதறியது. மறுபடியும் ஓடினாள். பந்து கிழக்கே திரும்பியபோது கூடவே திரும்பினாள், மேற்கே போனபோது மேற்கே போனாள். கொடி பிடிக்கும் லைன்ஸ்மேன் இவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி ஓட வேண்டியதாயிற்று. கூட்டம் அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் தேட ஆரம்பித்திருந்தது.

வாய் உலர்ந்து, கண் இருட்டி, இதோ விழப்போகிறார், இதோ விழப்போகிறார் என்று ஓடியவள், கடைசியாக ஒரு தடவை கைப்பேசியை விட்டுவிட்டு மனிதரை நிமிர்ந்து பார்த்தாள். மேற்குக் கோல் முகப்பில் தன்னைவிட ஒரு முழம் உயரமான தடியன் ஒருவனிடம் மஞ்சள் அட்டையை ஆட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, மிகுந்த ருசியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார் லோகநாதன். நெஞ்சு கெட்ட எவனும் அப்படிச் சண்டை போட மாட்டான்.

“பொய்யா?” என்றாள் கைப்பேசியிடம்.

“ஆமாங்க.”

“பொய் சொல்லக் கூடாதுன்னு சொன்னேன்ல?”

“காப்புப் போட்டவங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னீங்க. உங்க கைல காப்பு இல்லீங்களே. அவரத் தடுக்கக் கூடாதுன்னா எல்லையத்தானுங்க நகத்தோணும்.”

ஏறிய வரைபடத்தின் அர்த்தம் அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மொட்டைமாடிப் படிகளிலும் டீக்கடைத் தெருக்களிலும் எத்தனை பேர் இப்படிக் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு யார் பின்னாலோ ஓடிக்கொண்டிருக்கிறார்களோ.

“அவங்க அண்ணன் நம்பரும் உன்கிட்ட இருக்குதில்ல? அவர்கிட்டச் சொல்றதுக்கென்ன?”

“மொதல்ல அவருகிட்டத்தானுங்க சொன்னேன். வடைய முடிச்சுட்டு வரேன்னாருங்க” என்றது காப்பு. கூடவே, “எல்லா ஊட்டுலயும் எல்லாருகிட்டயும் சொல்லிப் பாத்துட்டேனுங்க. ஓடி வர்றவங்க ஆருன்னு தெரிஞ்சு போச்சுங்க” என்றது.

அவள் திரும்பிப் பார்த்தாள். கதிர்வேல் இன்னொரு வடையை எடுத்துக்கொண்டிருந்தார்.

கோபம் வந்தது. அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது. ஒரே ஒரு ஆட்டத்தில் தன்னை இப்படி ஓடவைத்த இந்தப் பயத்தைத்தான் மாதக்கணக்கில் அந்த மனிதருக்குத் தினமும் ஊட்டியிருக்கிறாள், அதுவும் அவர் நன்மைக்கு என்று. சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே, புல்லில் அப்படியே உட்கார்ந்தாள்.

“ஏனுங்கம்மா உக்காந்துட்டீங்க? அவரு இன்னும் தள்ளிப் போறாருங்க. அந்துருமுங்க.”

“அந்து போகட்டும்.”

அறுந்தது. பயம் போய்விடவில்லை. இப்போது உண்மையாகவே அவர் விழுந்தால் யாரையும் எதுவும் கூப்பிடாது. பட்டறைத் தரை அவள் கண்ணுக்குள் அப்படியே கிடந்தது. ஆனாலும் இந்தப் பயத்தை யாரும் செய்து கையில் கொடுக்கவில்லை, இது அவளுடையது. கையைக் கட்டிக்கொண்டு ஆட்டத்தைப் பார்த்தாள்.

மேற்குக் கோல் முகப்பில் ஒரு பையன் சுருண்டு விழுந்தான். லோகநாதன் அவனுக்கு இரண்டடி தூரத்தில் நின்றிருந்தார். விசிலை நீளமாக ஊதி, கையை நேராக நீட்டி, பெனால்டி கொடுத்தார். பையன் தன் காலே தடுக்கி விழுந்தான் என்பது இங்கே புல்லில் உட்கார்ந்திருந்த கோகிலவாணிக்கே தெளிவாகத் தெரிந்தது. நாலா பக்கத்திலிருந்தும் வசவு கிளம்பியது. எட்ட நின்று பார்க்காமல் விட்டதையெல்லாம் மன்னித்த கூட்டம், கிட்டே போய் நின்று தப்பாகச் சொன்னதை மன்னிக்கத் தயாராக இல்லை. அவர் குடும்பத்தையும் கண்பார்வையையும் சேர்த்துத் திட்டினார்கள். லோகநாதன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்து, அத்தனையையும் நிமிர்ந்து நின்று வாங்கிக்கொண்டிருந்தார்.

“தேடிக்கிட்டே இருக்கறனுங்க, எங்கயும் காணோமுங்களே” என்று முனகியது மடியிலிருந்த கைப்பேசி.

கோகிலவாணி அதைக் கவிழ்த்து வைத்தாள். ஊரே திட்டிக்கொண்டிருந்த அந்த ஆளைத் தேட வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை.